சங்கீத பூஷணமும் கடைசி ஒரு வருடமும்

போன வாரம் மலையடிவாரத்தில் சாயங்கால நடை போய்க்கொண்டிருந்தேன். என்னிடம் படித்தவர் ஒருவர், இப்போது ரிக் வண்டி வைத்திருக்கிறார், காரை ஓரங்கட்டி இறங்கினார். மகள் லண்டனில் நடனம் படிக்கிறாள். இரண்டு வருட டிப்ளமோ ஒரு கல்லூரியில் முடிந்துவிட்டது. மூன்றாம் வருடத்தை மட்டும் வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்தால் பி.ஏ. பட்டம் தருவார்களாம்.

"டாப்-அப்னு சொல்றாங்கய்யா. போனுக்குக் காசு போடற மாதிரி இருக்குது. இது நெசப் பட்டந்தானுங்களா?"

கணக்கு எளியது. அங்கே ஹானர்ஸ் பட்டத்துக்கு மொத்தம் 360 கிரெடிட், வருடத்துக்கு 120. எச்.என்.டி. என்னும் இரண்டு வருடப் படிப்பில் 240 சேர்ந்துவிடும். மிச்சம் 120தான் கடைசி வருடம். நம்மூரில் பாலிடெக்னிக் முடித்த பையன் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேராகச் சேர்வதில்லையா? காலையில் ரோட்டைக் கடக்க முடியாத அளவுக்குக் கல்லூரி பஸ் ஓடும் ஊரில் இதை விளக்கவா வேண்டும்!

ஆனால் அவருடைய சந்தேகம் கணக்கில் இல்லை. ஆட்டத்துக்குப் பட்டமா, அதையும் ஒட்டுப்போட்டா என்பதுதான் அவர் மனதில் ஓடியது. அதற்குப் பழைய கதை ஒன்று சொன்னேன். இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நம் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோதுதான் (1926–30) அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது. 1929இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரியும் தொடங்கினார். அதுவரை இசை என்றால் குரு வீட்டுத் திண்ணை. இங்கேயோ பாடத்திட்டம், தேர்வு, முடிவில் 'சங்கீத பூஷணம்' பட்டம். டைகர் வரதாச்சாரியார், தஞ்சை பொன்னையா பிள்ளை போன்றவர்கள் ஆசிரியர்கள். இருந்தாலும் அது பி.ஏ. ஆகாது. கச்சேரி மேடையில் பெருமை. அலுவலகப் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

இந்த வேதனை தமிழாசிரியர்களுக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த மூத்த 'வித்துவான்'கள் நன்னூலைத் தலைகீழாகச் சொல்வார்கள். ஆசிரியர் அறையில் பட்டதாரிகளுக்குக் கிடைத்த மரியாதை அவர்களுக்குக் கிடைக்காது. பேருக்குப் பின்னால் புலவர், பி.லிட்., எம்.ஏ. என்று அடுக்கிய பலகைகளைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரித்ததில்லை.

அப்படிச் சங்கீத பூஷணம் பெற்றவர்களில் ஒருவர் எஸ். ராமநாதன் (1917–1988). நன்றாகப் பாடுவார், வீணையும் வாசிப்பார். நாற்பதைத் தாண்டிய பிறகு அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் போனார். அங்கேயே முனைவர் பட்டமும் பெற்றார். அது ஒரு வருடப் படிப்பல்ல, டாப்-அப்பும் அல்ல. ஆனால் வழி அதே வழிதான்: கலை முதலில், பல்கலைக்கழகம் பிறகு. கையிலிருந்த வித்தையை யாரும் முதலிலிருந்து படிக்கச் சொல்லவில்லை. அதன் மேல் ஒரு கேள்வியை வைக்கச் சொன்னார்கள்.

அவர் வைத்த கேள்வி சிலப்பதிகாரத்தின் இசை. ஏழு பாலைகளும் இன்றைய எந்தெந்த ராகங்கள்? யாழ்நூலில் (1947) விபுலானந்தர் முட்டி மோதிய அதே கேள்வி. பாடிப் பழகிய தொண்டை இல்லாமல் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை தேட முடியாது. அந்த ஆய்வை 1979இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நூலாக வெளியிட்டது.

சிலம்பில் செங்கோடு வருகிறது என்பது நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கண்ணகி ஏறிய நெடுவேள் குன்றம் இந்த மலைதான் என்று சொல்பவர்கள் உண்டு; அடியார்க்கு நல்லார் அதை மறுத்து எழுதிவைத்தார். இன்றும் பலர் இந்த மலை என்று ஒத்துக்கொள்வதில்லை. அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு.

ரிக் வண்டிக்காரரிடம் மூன்றே விஷயம் விசாரிக்கச் சொன்னேன். சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பேர் அச்சாகும்? 240 கிரெடிட்டையும் முழுசாக எடுத்துக்கொள்கிறார்களா, இல்லை பாதியைக் கழிக்கிறார்களா? இங்கே திரும்பி வந்து மேற்படிப்போ அரசு வேலையோ என்றால் இணைச் சான்றிதழ் கிடைக்குமா? கடைசி வருடத்தில் பெரும்பாலும் ஓர் ஆய்வோ சொந்தப் படைப்போ செய்யச் சொல்வார்கள் என்பதையும் சொன்னேன்.

"என்னத்தைங்கய்யா ஆராயறது, ஆடறதுல?"

மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்லும் அரங்கேற்று காதைக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரை இருக்கிறதே! உ.வே.சா. பதிப்பு என் அலமாரியில் இருக்கிறது. பாப்பா லீவுக்கு வரும்போது வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.