பொருள்நோக்கு நிரலாக்கம்

பொருள்நோக்கு நிரலாக்கம் என்பது தரவுகளையும் அவற்றின் மீது செயற்படும் செயற்கூறுகளையும் ஒன்றாகப் பிணைத்து, அவ்வாறு பிணைக்கப்பட்ட பொருள்களைக் கொண்டு கணினி நிரல்களை அமைக்கும் முறையாகும். இதற்கு முந்தைய நடைமுறைசார் நிரலாக்கத்தில் தரவு ஓரிடத்திலும், அதைக் கையாளும் கட்டளைகள் பல இடங்களிலும் இருந்தன. நிரல் பெருகப் பெருக, எந்தத் தரவை எந்தக் கட்டளை மாற்றியது என்று கண்டறிவது கடினமாயிற்று. ஒரு தரவுக்கு யார் பொறுப்பு என்ற வினாவிற்கான விடையாகவே இம்முறையைப் புரிந்துகொள்ளலாம். சி++, ஜாவா, பைத்தான், ரூபி முதலிய மொழிகள் இம்முறைக்கு இடம் தருகின்றன.

வரலாறு

நார்வே நாட்டின் ஓசுலோ நகரிலுள்ள நார்வே கணிப்பு மையத்தில் ஓலே யோகன் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகிய இருவரும் உருவாக்கிய சிமுலா 67 மொழியே இதன் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1970களில் ஆலன் கே குழுவினர் உருவாக்கிய சுமால்டாக், பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்வதை மையமாக வைத்தது. பியான் இசுற்றூத்திரப்பு 1979இல் தொடங்கிய பணி 1983இல் சி++ என்று பெயர் பெற்றது. ஜாவா 1995இல் வெளியானது. டாலுக்கும் நைகார்டுக்கும் 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது வழங்கப்பட்டது. இருவரும் 2002இல் காலமாயினர்.

கலைச்சொற்கள்

கிளாஸ் என்பதைத் தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளிப் பாடநூல்கள் இனக்குழு என்று வழங்கின. வகுப்பு என்ற சொல்லும் வழக்கில் உள்ளது. இனக்குழு என்பது மக்கட் குழுவையும் குறிக்குமாதலால் இக்கட்டுரையில் வகுப்பு என்பதே ஆளப்படுகிறது. உறைபொதியாக்கம், மரபுரிமம், பல்லுருவாக்கம் ஆகியவை பாடநூல் சொற்களே.

ஓர் எடுத்துக்காட்டு: செட்டிநாட்டு வட்டிக்கடை

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இரண்டாம் உலகப் போர் வரை, காரைக்குடி முதலிய செட்டிநாட்டு ஊர்களைச் சேர்ந்த நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்தினர். முதலாளி பெரும்பாலும் ஊரில் இருந்தார். கடல் கடந்த கடையை மேலாள் நடத்தினார். அவருக்குக் கீழ் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் பணிபுரிந்தனர். நகரத்தார் நிரலாக்கத்திற்கு முன்னோடிகள் என்று இதற்குப் பொருளன்று. பொறுப்பைப் பகிர்ந்தளித்த அவர்களது ஏற்பாடு இக்கருத்துகளை விளக்க நன்கு பொருந்துகிறது என்பதே கருத்து.

கடையின் பேரேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். கணக்கு எப்படி இருக்கவேண்டும் என்னும் பொது வரையறையே வகுப்பு. அவ்வரையறைப்படி ஒருவர் பெயரில் திறக்கப்பட்ட கணக்கு பொருள். வகுப்பு ஒன்று, பொருள்கள் பல.

உறைபொதியாக்கம்

ஒரு பொருளின் தரவை அப்பொருளின் செயற்கூறுகள் மட்டுமே மாற்ற இயலுமாறு அமைப்பது உறைபொதியாக்கம் எனப்படும். காரைக்குடியில் இருக்கும் முதலாளி ரங்கூன் பேரேட்டில் தாமே எழுதுவதில்லை, கடிதம் எழுதுவார். மேலாள் ஐந்தொகை எடுத்து அனுப்புவார். அதற்காக எந்த ஏட்டை எப்படிப் புரட்டினார் என்பது முதலாளிக்கு வேண்டாதது. இவ்வாறு உள்விவரங்களை விலக்கித் தேவையானதை மட்டும் காட்டுவதை அருவமாக்கம் என்பர்.

இதன் பயன் மாற்றம் நேரும்போதுதான் தெரியும். இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 வரை ஒரு ரூபாய் என்பது 16 அணா அல்லது 192 தம்பிடி. அன்று முதல் அது 100 புதிய காசுகளாயிற்று. தொகையைத் தம்பிடியில் வைத்திருக்கும் ஒரு நிரலைக் கற்பனை செய்க. நூறு இடங்களில் கட்டளைகள் அத்தொகையை நேரடியாகத் தொட்டு 192ஆல் வகுத்துக்கொண்டிருந்தால், நூறு இடங்களையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் கணக்கு பிழைபடும். கணக்கு என்ற வகுப்புக்குள் மட்டும் அது இருந்தால் திருத்தம் ஓரிடத்தோடு முடியும். ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதியதால் 2000ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் மென்பொருள்களைத் திருத்த நேர்ந்தது இவ்வகைச் சிக்கலே.

மரபுரிமமும் பல்லுருவாக்கமும்

ஒரு வகுப்பின் பண்புகளையும் செயற்கூறுகளையும் மற்றொரு வகுப்பு பெற்றுக்கொள்வது மரபுரிமம். நடப்புக் கணக்கு, தவணைக் கணக்கு இரண்டும் கணக்கு வகையினவே:

வகுப்பு கணக்கு
  தரவு: பெயர், இருப்பு
  செயற்கூறு: வரவுவை, பற்றெழுது, வட்டிகாண்

வகுப்பு நடப்புக்கணக்கு : கணக்கு
  வட்டிகாண்: அந்தந்த மாத நடப்பு வட்டிப்படி

வகுப்பு தவணைக்கணக்கு : கணக்கு
  வட்டிகாண்: பணம் வைத்த நாளின் வட்டிப்படி

பெயர், இருப்பு, வரவு, பற்று ஆகியவற்றை மீண்டும் எழுதத் தேவையில்லை. வட்டிகாண் மட்டுமே வேறுபடுகிறது. மூன்று மாதங்களில் நூற்றுக்கு மாத வட்டி முறையே 12, 10, 10 அணா என்று கொள்வோம். 1000 ரூபாய்க்கு நடப்புக் கணக்கு தரும் விடை 20 ரூபாய். மூன்று மாதத் தவணைக் கணக்கு தரும் விடை 22 ரூபாய் 8 அணா. கேட்பவர் இரண்டையும் "வட்டிகாண்" என்றே கேட்கிறார். கணக்கின் வகையை அவர் ஆராயவேண்டியதில்லை. ஒரே செய்திக்கு வெவ்வேறு பொருள்கள் தத்தம் முறையில் விடையளிக்கும் இப்பண்பே பல்லுருவாக்கம். நாளை மூன்றாவது வகைக் கணக்கு சேர்ந்தாலும், கேட்கும் நிரல்பகுதியை மாற்ற வேண்டியதில்லை. தொடக்கநிலை மாணவர் பலர் மரபுரிமத்தையே முதன்மையாகக் கருதுகின்றனர். நடைமுறையில் இதுவே பெரிதும் உதவுகிறது.

மரபுரிமம் என்ற சொல்லும் சற்றே மயக்கம் தருவது. தந்தையின் சொத்து மகனுக்குச் செல்வது போன்றதன்று இது. ஒருவரது கணக்கின் இருப்பு மற்றொருவர் கணக்குக்கு மரபுரிமத்தால் வருவதில்லை. வரையறை மட்டுமே வருகிறது. மேலும், "இது அதில் ஒரு வகை" என்று சொல்லக்கூடிய இடத்தில் மட்டுமே மரபுரிமம் பொருந்தும். தவணைக் கணக்கு ஒரு வகைக் கணக்கு, இது சரி. கடையில் பேரேடு உண்டு. ஆனால் கடை ஒரு வகைப் பேரேடு அன்று. அங்கே ஒரு பொருளை மற்றொன்றின் உறுப்பாக வைப்பதே முறை.

விமர்சனங்கள்

சிறிய நிரல்களுக்கு இம்முறை தேவையற்ற சுமை என்று கூறுவோர் உளர். பல அடுக்குகளாக நீளும் மரபுரிமத்தில், மேலுள்ள வகுப்பில் செய்யும் சிறு மாற்றம் கீழுள்ளவற்றை எதிர்பாராமல் பாதிக்கும் என்பது வலுவான குறையாகும். 2009இல் வெளியிடப்பட்ட கோ மொழி வகுப்புவழி மரபுரிமத்தை அறவே விட்டுவிட்டது. உறைபொதியாக்கத்தையும் பல்லுருவாக்கத்தையும் வேறு வழிகளில் தக்கவைத்துக்கொண்டது.