முன்குரலும் பின்குரலும்

‘பின்பாட்டுப் பாடுகிறான்’ என்று ஒருவரை இகழ்வது நம் வழக்கம். ஆனால் பின்பாட்டின் மதிப்பைக் கடலோர மக்கள் அறிவார்கள். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கயிறு பற்றிய ஏனையோர் ‘ஏலேலோ’ என்று முழங்குவர். அம்பாப் பாட்டு எனப்படும் அதில் முன்குரல் சொல்லைத் தருகிறது. பின்குரல் கைகளை ஒன்றாக்குகிறது. பின்குரல் ஓய்ந்தால் வலை கரையேறாது.

சீர்காழிக்குக் கிழக்கே திருமுல்லைவாசல் தொடங்கி, தெற்கே தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் எனத் தொடரும் நம் கரையோர ஊர்களின் மௌலிது மஜ்லிஸ்களிலும் இவ்வமைப்பையே காண்கிறோம். ரபீஉல் அவ்வல் பிறை தோன்றியதும் சுபுஹான மௌலிது ஓதத் தொடங்குவர். உரைநடைப் பகுதியை ஒருவர் ஓத, சபை செவிமடுக்கும். பைத்து வந்ததும் செவிகள் நாவுகளாகிவிடும். முன்னோதுவோர் அடிகளை எடுத்துச் செல்ல, சபையோர் அனைவரும் ஜவாபு சொல்வர். பாட்டின் பொருள் அறியாத சிறுவனும் ஜவாபு அறிவான்.

இது வழிபாடாக மட்டுமன்றி ஒரு பள்ளிக்கூடமாகவும் விளங்கியது. 13ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் பூஸீரி இயற்றிய புர்தா, ‘பஸீத்’ என்னும் அரபுச் சந்தத்தில் அமைந்தது. அச்சந்தத்தை மதரஸாவில் விளக்கும்போது, புர்தா மஜ்லிஸில் அமர்ந்து வளர்ந்த மாணவனுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியிருப்பதில்லை. இலக்கணம் அறியுமுன்னரே அவன் காது அதை அறிந்திருக்கும்.

எழுத்திலும் இப்பின்குரல் உண்டு. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் அடங்கிய ஸதகத்துல்லாஹ் அப்பா (1632–1703), பக்தாதிக் கவிஞர் ஒருவரின் வித்ரிய்யா என்னும் நபிபுகழ்ப் பாடலுக்குத் தக்மீஸ் இயற்றினார். மூலக் கவிஞரின் இரண்டு அரையடிகளுக்கு முன், அவற்றோடு இயைபு பொருந்த மூன்று அரையடிகளைச் சேர்த்து ஐந்தாக்குவது தக்மீஸ். பல நூற்றாண்டுகளுக்கு முன் பக்தாதில் எழுந்த குரலுக்குத் தமிழ்க் கடற்கரை சொன்ன ஜவாபு அது.

பிற நாட்டுக் கரையொன்றையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். அல்பேனியாவின் தெற்கே, ஹிமாரா முதலிய கரையோர ஊர்களில் பல்குரல் பாட்டு மரபு ஒன்று வாழ்கிறது. ஒருவர் பாட்டை எடுப்பார். மற்றொருவர் வேறு இசைவழியில் அதைத் திருப்புவார். எஞ்சியோர் ‘இஸோ’ எனும் ஆதாரக் குரலை இடையறாது பிடித்து நிற்பர். ஓசை அறுந்துவிடாதபடி முறைவைத்து மூச்சு வாங்குவர். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் போற்றும் மரபு இது. 1967இல் அந்நாட்டு அரசு பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் மூடியது. 1990 வரை நீடித்த அத்தடையின் காலத்திலும் இக்கூட்டுப் பாட்டு நின்றுவிடவில்லை. 2005இல் யுனெஸ்கோ இதை மானுட குலத்தின் அரும்பெரும் மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

நம் பைத்து அவ்வகைப் பல்குரல் இசையன்று. நம்மிடம் மெட்டு ஒன்றே. குரல்கள்தாம் மாறிமாறி வருகின்றன. இஸோவுக்கு நிகரானதைத் தேடினால் காவிரிக் கரையின் நாகசுரக் கச்சேரியில்தான் காணலாம். அங்கே ஒரே சுருதியை விடாமல் ஊதும் ‘ஒத்து’க்காரர் ஒருவர் இருந்தார். பிற்காலத்தில் அவரிடத்தில் சுருதிப் பெட்டி வந்தமர்ந்தது. ஓசை இருக்கிறது, ஆள் இல்லை.

நம் கவலையும் இதுவே. இன்று புர்தாவை இனிய குரல்களில் பதிவு செய்து கைப்பேசியிலேயே கேட்கிறோம். கேட்பதில் பிழையில்லை. ஆயினும் கேட்டுப் பழகிய வாய் ஜவாபு சொல்ல மறந்துவிடுகிறது. முன்னோதுவோர் ஓர் ஊரில் இல்லையென்றால் அடுத்த ஊரிலிருந்து அழைத்து வரலாம். சபையை எங்கிருந்து அழைத்து வருவது? அல்பேனியரின் பாட்டு தடையைத் தாண்டி வாழ்ந்ததற்கு, இஸோ பிடிக்க அண்டை வீட்டார் அருகில் இருந்ததும் ஒரு காரணமன்றோ!

ஆகவே, ஊர் மஜ்லிஸுக்குச் செல்லும் பெரியோர் தம் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று முன்வரிசையில் அமர்த்துவார்களாக. முதலாண்டில் அவர்கள் ஜவாபு மட்டும் சொல்லட்டும். பைத்து தானே நாவில் ஏறும்.