செம்பனையும் அதன் கூன்வண்டும்

எண்ணெய்ப்பனையான செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது காற்றுதான் என்று தோட்டத்துறையினர் நெடுங்காலம் நம்பினர். உண்மையில் அந்த வேலையைச் செய்வது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, நான்கு மில்லிமீட்டர்கூட எட்டாத கூன்வண்டு. அங்கிருந்து மரத்தைக் கடல் கடத்தியவர்கள் வண்டைக் கொண்டுவரவில்லை.

வண்டுக்கும் தாவரத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. மியான்மரில் கிடைத்த, ஏறத்தாழ 9.9 கோடி ஆண்டு பழைமையான அம்பரில் சைக்கஸ் வகை மகரந்தத்தோடு அகப்பட்ட வண்டு ஒன்று 2018இல் விவரிக்கப்பட்டது. மறு ஆண்டே, பூவின் மகரந்தம் உடலில் ஒட்டிய இன்னொரு வண்டும் தெரியவந்தது. இத்தகைய உறவுகள் பலவற்றில் வண்டுக்குக் கிடைக்கும் கூலி தேன் அல்ல. மகரந்தமும் முட்டையிட இடமும்தான்.

செம்பனையில் ஆண்பாளையும் பெண்பாளையும் ஒரே மரத்தில் வெவ்வேறு சமயங்களில் விரிகின்றன. ஆண்பாளை விரிந்ததும் சோம்பு வாசனை எழும்; கூன்வண்டுகள் திரண்டு வந்து மொய்க்கும். அவை வாடும் ஆண்பூக்களில் முட்டையிட, புழுக்கள் அப்பூக்களையே தின்று வளரும். மரத்துக்கு இதில் இழப்பில்லை, அந்தப் பூக்களின் வேலை அதற்குள் முடிந்திருக்கும். பெண்பாளையும் அதே வாசனையை வீசுகிறது. நம்பி வரும் வண்டுக்கு அங்கே முட்டையிட இடமில்லை; ஆனால் அது வெளியேறுமுன் உடலில் ஒட்டியிருந்த மகரந்தம் சூல்முடியில் படிந்துவிடும்.

1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு நான்கு செம்பனைக் கன்றுகள் வந்தன. மலாயாவில் முதல் வணிகத் தோட்டம் 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் உருவானது. வண்டு இல்லாததால் பல தோட்டங்களில் குலைகள் சரியாகக் காய் பிடிக்கவில்லை. ஆண்பாளைகளிலிருந்து மகரந்தம் சேகரித்து, டால்க் பவுடரோடு கலந்து, விரிந்த பெண்பாளை ஒவ்வொன்றின்மேலும் ஊதுவது தொழிலாளர்களின் வேலையாயிற்று. ஒரு பாளை இரண்டு மூன்று நாளே மகரந்தம் ஏற்கும் நிலையில் இருக்கும் என்பதால் தோட்டம் முழுவதையும் ஓயாமல் சுற்றிவர வேண்டியிருந்தது. தமிழர் பெருந்திரளாக உழைத்த மலேசியத் தோட்டங்களின் வரலாற்றில் இந்தப் பாடும் அடங்கும்.

கேமரூனில் பணியாற்றிவிட்டு மலேசியா வந்த யூனிலீவர் தோட்ட நிர்வாகி லெஸ்லி டேவிட்சன், கேமரூன் பாளைகளில் மொய்த்த வண்டுகளை மறக்கவில்லை. காற்றுதான் காரணம் என்ற பாடத்தை அவர் ஏற்காததே திருப்புமுனை. அவருடைய முயற்சியால் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் 1970களின் பிற்பகுதியில் கேமரூனில் ஆய்வு செய்தார். காற்று புகும், பூச்சி புகாத உறையிட்ட பெண்பாளைகளில் காய் பிடிப்பது மிகக் குறைந்தது. இந்த வண்டு வேறு பயிர்களைத் தாக்காது என்பதும் சோதித்து உறுதிசெய்யப்பட்டது. நோய்க்கிருமியும் கூடவே வந்துவிடாதபடி தனிமைப்படுத்தி வளர்த்த பிறகே, 1981 பிப்ரவரியில் ஜொகூரின் குளுவாங் அருகே அது விடப்பட்டது.

ஓரிரு ஆண்டுகளில் வண்டு தீபகற்பம் முழுவதும் பரவியது; கையால் மகரந்தம் ஊதும் வேலை நின்றது. குலைகளில் பழம் நெருங்கிப் பிடித்ததால் பழத்தின் அளவு சற்றுச் சிறுத்தாலும் குலையின் எடை கூடியது, பருப்பு விளைச்சலும் உயர்ந்தது. இந்தியாவில் இதே வண்டு 1985இல் கேரளத்தில் அறிமுகமானது.