யூத வழிபாட்டுத் தலங்களுக்குப் பாதுகாப்பு: பின்னணி என்ன?

இந்தியாவில் வாழும் யூதர்களின் எண்ணிக்கை சில ஆயிரம் மட்டுமே. எனினும் மும்பை, புது தில்லி உள்ளிட்ட நகரங்களில் உள்ள யூத மையங்கள் போலீஸ் பாதுகாப்பில் தனிக் கவனம் பெறுகின்றன. இதற்கு முக்கியக் காரணம் 2008-ஆம் ஆண்டு மும்பை தாக்குதல்.

நாரிமன் இல்லம்

மும்பை கொலாபாவில் உள்ள நாரிமன் இல்லம், 'சபாத்' என்ற யூத சமய அமைப்பின் மையம். பயணிகளுக்கு வழிபாடு, சமய விதிப்படியான உணவு, தங்குமிடம் ஆகியவற்றை இத்தகைய மையங்கள் அளிக்கின்றன. 2008 நவம்பர் 26 இரவு பயங்கரவாதிகள் இக்கட்டடத்தைக் கைப்பற்றினர். மையத்தின் சமய குரு கேவ்ரியல் ஹோல்ட்ஸ்பெர்க், அவரது மனைவி ரிவ்கா உள்பட 6 பேர் கொல்லப்பட்டனர். இரண்டு வயதை எட்டவிருந்த அவர்களின் மகன் மோஷேவை பணிப்பெண் சாண்ட்ரா சாமுவேல் தூக்கிக்கொண்டு வெளியேறிக் காப்பாற்றினார். நவம்பர் 28-இல் தேசிய பாதுகாப்புப் படையினர் ஹெலிகாப்டரில் இருந்து மொட்டை மாடியில் இறங்கி நடத்திய நடவடிக்கையில் கமாண்டோ கஜேந்திர சிங் உயிர்த்தியாகம் செய்தார். அந்த மையம் 2014-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

தொடர்ந்த அச்சுறுத்தல்

மும்பை தாக்குதலுக்காக உளவு பார்த்த டேவிட் ஹெட்லி, 2009-இல் வேறு பல இந்திய நகரங்களின் சபாத் மையங்களையும் நோட்டமிட்டதாக அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவருக்கு 2013-இல் 35 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. புனேயில் 2010 பிப்ரவரி 13-இல் குண்டுவெடிப்பு நிகழ்ந்த ஜெர்மன் பேக்கரி, அந்நகர சபாத் மையத்துக்கு அருகில் இருந்தது. 2023 அக்டோபர் 7-இல் இஸ்ரேல் மீது ஹமாஸ் தாக்குதல் நடத்தியதைத் தொடர்ந்து, தில்லியில் இஸ்ரேல் தூதரகத்துக்கும் யூத மையங்களுக்கும் பாதுகாப்பு பலப்படுத்தப்பட்டது.

பொறுப்பு யாருக்கு?

அரசமைப்புச் சட்டத்தின்படி காவல் துறை மாநிலப் பட்டியலில் உள்ளதால், இத்தலங்களின் அன்றாடப் பாதுகாப்பு மாநிலக் காவல் துறையைச் சார்ந்தது. தில்லியில் காவல் துறை மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது.

திறந்த கதவும் காவலும்

கொச்சியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம், மும்பையில் 1884-இல் கட்டப்பட்ட கெனெசெத் எலியாஹூ ஜெப ஆலயம் ஆகியவை சுற்றுலாப் பயணிகளையும் ஈர்ப்பவை. கொல்கத்தாவின் ஜெப ஆலயங்களைத் தலைமுறைகளாகப் பராமரித்து வருபவர்கள் முஸ்லிம்கள். முறையான கூட்டு வழிபாட்டுக்கு மரபுப்படி 10 ஆண்கள் தேவை. ஆள்குறைந்த ஊர்களில் வெளியூர்ப் பயணிகளின் வருகையே அந்த எண்ணிக்கையை நிறைவு செய்கிறது. ஆகவே, வருவோரைத் தடுக்காமல் ஆபத்தை மட்டும் தடுப்பதே இங்குள்ள சவாலாகும்.