காவடியில் வந்த சோறு



பினாங்கிற்கு வரும் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “எந்தக் கடையில் நாசி கண்டார் நன்றாக இருக்கும்?” இரண்டு மூன்று கடைப்பெயர்களைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. இணையத்தில் தேடினாலும் அப்பெயர்களே வரும். எனினும், அச்சோறு ஏன் அந்தத் தெருவில், அந்த வேளையில், அந்த வடிவில் விற்கப்படுகிறது என்று அறிந்தவருக்கு நல்ல கடையைக் கண்டுபிடிக்க வேறொருவர் துணை தேவைப்படாது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் பெயர். மலாயில் ‘நாசி’ என்றால் சோறு. ‘கண்டார்’ என்றால் தோளில் ஒரு தடியை வைத்து, அதன் இரு முனைகளிலும் சுமையைத் தொங்கவிட்டுச் சுமப்பது. இச்செயலுக்குத் தமிழில் அழகான வினைச்சொல் உண்டு: காவுதல். காவும் தடி காவடி. இன்று காவடி என்றதும் நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர்மலைத் தைப்பூசம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. வகுப்பில் ஒருமுறை இச்சொல்லை விளக்கியபோது, “அப்படியென்றால் யார் கண்டார், எதைக் கண்டார்?” என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. ‘கண்டார்’ என்ற மலாய்ச் சொல் தமிழ் வினைமுற்றைப் போல ஒலிப்பது தற்செயலே. ஆயினும் அந்தக் குறும்புக்குப் பிறகு அச்சொல்லின் பொருளை அவ்வகுப்பில் எவரும் மறக்கவில்லை.

காவடியின் ஒரு முனையில் சோற்றுப்பானை. மறுமுனையில் குழம்பும் மீனும் இறைச்சியும். தமிழ் முஸ்லிம் வணிகர் இதைத் தோளில் சுமந்துகொண்டு காலையிலேயே துறைமுகத்துப் பக்கம் நடந்து வருவார். கப்பலில் மூட்டை தூக்குபவரும் தோணியிலிருந்து சரக்கிறக்குபவரும் கிடங்குக் கூலிகளும் அவரைச் சூழ்ந்துகொள்வர். கடை என்று ஒன்று கிடையாது. அவர் சுமையை இறக்கி வைத்த இடமே கடை. அஞ்சடியிலோ மரநிழலிலோ குந்தியபடி உண்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவர். நாள் முழுவதும் சுமை தூக்கும் உடம்புக்கு விடியற்காலையிலேயே சோறும் இறைச்சிக் குழம்பும் வேண்டியிருந்தது. நாசி கண்டாரைக் காலையுணவாகவும் உண்ணும் வழக்கம் பினாங்கில் இன்றும் இருக்கிறது. வெளியூர்க்காரருக்கு அது வியப்பாகத் தெரியும்.

இந்த மனிதர்கள் ஏன் தெருவில் உண்டார்கள்? இங்கேதான் உண்மையான வரலாறு இருக்கிறது. பிரான்சிஸ் லைட் 1786 ஆம் ஆண்டு பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றுவதற்கு முன்பே, சோழமண்டலக் கரையைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம்கள் கெடாவில் வணிகம் செய்து வந்தனர். அவர்களைச் சூலியாக்கள் என்று அழைத்தனர். ஜார்ஜ்டவுன் உருவானதும் அவர்கள் அங்குக் குடியேறினர். சூலியா தெரு அவர்கள் பெயரைத் தாங்கியது. 1801 ஆம் ஆண்டு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. ஆண்டுதோறும் அக்கரையிலிருந்து கப்பல்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டுவந்தன என்றும், அவர்கள் உழைத்துச் சிறிது பணம் சேர்த்து ஊர் திரும்ப, வேறு ஆட்கள் அவர்கள் இடத்துக்கு வந்தனர் என்றும் லைட் 1794 இல் எழுதியிருக்கிறார்.

அந்தச் செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். வந்தவர்கள் ஆண்கள். மனைவி மக்கள் ஊரில். தங்கியது பலர் சேர்ந்து படுக்கும் கிட்டங்கியிலோ கடை மாடியிலோ. அடுப்பு மூட்டி ஆக்கிப்போட வீட்டில் ஆளில்லை. ஓர் ஊரில் இத்தனை ஆண்கள் வீடின்றி வாழும்போது சமைத்த உணவு தெருவுக்கு வந்தே தீரும். நாசி கண்டார் பிறந்தது சுவைக்காக அன்று, வீடில்லாமையால்தான் என்பது என் கருத்து. சுவை பின்னால் வந்து சேர்ந்தது.

1904 ஆம் ஆண்டு சுவெட்டன்ஹாம் துறை கட்டி முடிக்கப்பட்டது. பெருங்கப்பல்கள் கரையை ஒட்டி நின்றன. அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1907 இல், கேம்பல் தெருவின் ஹமீடியா உணவகம் தன் வரலாற்றைத் தொடங்குகிறது. இன்றுள்ள நாசி கண்டார் கடைகளுள் மிகப் பழமையானதாக அதையே குறிப்பிடுகின்றனர். காவடி மெல்ல மெல்லச் சுவரோரம் சாய்ந்தது, ஒட்டுக்கடைகள் முளைத்தன, பிறகு கூரையும் மேசையும் வந்தன. பினாங்கு சாலையை ஒட்டிய சந்தில் வளர்ந்த ‘லைன் கிளியர்’ இன்னொரு பழம்பெயர். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டி இரவு பத்து மணிக்கு மேல் திறந்துவந்த கடையொன்று ‘பெராத்தூர்’ என்றே பெயர் பெற்றது. பெராத்தூர் என்றால் வரிசையில் நிற்பது. வாடிக்கையாளர் நின்ற நிலையே கடைக்குப் பெயராகிவிட்டது!

இனி தட்டுக்கு வருவோம். நம்மவர் பலர் இதைத் தமிழ்நாட்டு உணவு என்று எண்ணியிருக்கின்றனர். இராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்களில் போய் நாசி கண்டார் கேட்டால் கிடைக்காது. மசாலை அரைக்கும் கைப்பக்குவம் அங்கிருந்து வந்தது. உணவு இங்கே பிறந்தது. தமிழர் உண்ணும் முறையில் குழம்புக்கு ஒரு சோறு, இரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு என்று வரிசை உண்டு. ஒன்றோடொன்று கலந்தால் பாட்டிமார் முகம் சுளிப்பார்கள். நாசி கண்டார்க் கடையிலோ மீன் குழம்பு, கோழிக் குழம்பு, ஆட்டிறைச்சிக் குழம்பு, பருப்பு ஆகியவற்றிலிருந்து கரண்டி கரண்டியாக அள்ளி ஒரே சோற்றின் மீது ஊற்றுகின்றனர். மலாயில் இதற்குக் ‘குவா சம்போர்’, அதாவது கலவைக் குழம்பு, என்று பெயர். சோறு மூழ்குமளவு வேண்டுமென்றால் ‘பஞ்ஜிர்’, வெள்ளம், என்று சொன்னால் போதும். நான்கு குழம்பும் சேர்ந்த பிறகு எழும் சுவை எந்தத் தனிக் குழம்பிலும் இல்லை. ஓரத்தில் முழு வெண்டைக்காய், விருப்பமிருந்தால் கணவாய் அல்லது மீன்முட்டை. ஒரே தட்டு, ஒரே மூச்சு. வேலைக்கு ஓடுபவனின் உணவு.

பெயர்களைக் கவனித்தால் இன்னொன்றும் விளங்கும். சமைத்தவர் தமிழர், விற்ற உணவின் பெயர் மலாய். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் கலந்து நின்ற துறைமுகத்தில் கூவி விற்பதற்கு எல்லாருக்கும் புரிந்த சந்தை மொழி தேவைப்பட்டது. மீ கோரேங்கைப் பாருங்கள். ‘மீ’ சீனரின் ஹொக்கியன் சொல், ‘கோரேங்’ மலாய்ச்சொல். மஞ்சள் மீயும் சீனருடையதே. வாணலியைப் பிடித்த கை தமிழ் முஸ்லிமின் கை. அப்பெயரில் தமிழ் ஓரெழுத்துக்கூட இல்லை. ரொட்டி பெங்காலி என்ற உயர்ந்த ரொட்டியையும் சொல்ல வேண்டும். வங்காளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, ரொட்டிக்கூடத்தில் பங்கு வைத்திருந்த ‘பங்காளி’களின் ரொட்டி என்பதே திரிந்தது என்று ஒரு செய்தி பினாங்கில் வழங்குகிறது. உறுதியான சான்று எனக்குக் கிட்டவில்லை. கதை மட்டும் இனிப்பாக இருக்கிறது.

எதிர்த்திசையில் போன சொற்களும் உண்டு. மலாயில் கடை ‘கெடாய்’ ஆயிற்று, கறி ‘காரி’ ஆயிற்று, முதல் ‘மோடால்’ ஆயிற்று. ‘மாமாக்’ என்பது நம் ‘மாமா’வே. முறை சொல்லி அழைத்த அன்புச் சொல் அது. பின்னாளில் ஓர் இனப்பிரிவின் பெயராகி, சில வாய்களில் இழிவாகவும் ஒலிக்கிறது என்பது வருத்தந்தரும் செய்தி.

எனக்கு இதில் ஆதங்கம் ஒன்று உண்டு. மலேசியத் தமிழர் வரலாறு என்றாலே இரப்பர்த் தோட்டம், பால்மரம், லயத்துவீடு என்று தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம். தோட்டத்து வரலாறு நம் முன்னோரின் குருதியால் எழுதப்பட்டது; அதைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பரவுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பினாங்குக் கரையில் மூட்டை சுமந்த தமிழனும் சோறு சுமந்த தமிழனும் இருந்தார்கள். “அது முஸ்லிம் சாப்பாடு” என்று ஒதுக்கும்போது, நம் கதையின் ஒரு நூற்றாண்டையே சேர்த்து ஒதுக்குகிறோம். மாணவர்களுக்கு இதை நான் உணவின் வழியாகவே சொல்கிறேன். ஆண்டுகளை மறப்பவர்கள்கூட வெண்டைக்காயை மறப்பதில்லை.

பிறகு துறைமுகம் மாறியது. 1969 ஆம் ஆண்டு பினாங்கு தன் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. 1970களில் சரக்கு வேலை பெரும்பாலும் எதிர்க்கரையான பட்டர்வொர்த்துக்குப் போயிற்று. கொள்கலன்கள் வந்தபின் மூட்டை தூக்கும் தோள்களுக்கு வேலை குறைந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தபோது, ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் தலைமுறைகளாக இருந்த பலர் வெளியேற நேர்ந்தது. 2008 இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தகுதி கிடைத்தது. சுற்றுலாப் பயணிகள் திரண்டனர். கூலிக்காரன் குந்தியுண்ட சோற்றுக்கு இன்று கைப்பேசியில் படமெடுப்பவர்கள் வரிசை பிடிக்கின்றனர். விலையை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கணவாயும் பெரிய இறாலும் தட்டில் ஏறினால் கணக்கு வேறு.

ஆகவே நண்பர்களின் கேள்விக்கு என் விடை இதுதான். பழம்பெயர்க் கடைகளுக்கு ஒருமுறை போங்கள்; வரலாற்றுக்குச் செலுத்தும் மரியாதை அது. அதன்பின் வேலைக்காரர்கள் எங்கே உண்கிறார்கள் என்று பாருங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்து வைத்துப் பெரிய திரையில் பந்து விளையாட்டுக் காட்டும் கடைகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டுமே விற்று, “மீன் தீர்ந்துவிட்டது” என்று கையை விரிக்கும் கடையை நம்பலாம். அங்கே குழம்பு அன்றாடம் புதிதாகக் கொதிக்கும்.

துறைமுகம் தளர்ந்த காலத்திலேயே, 1972 இல், பாயான் லெப்பாஸில் தீர்வையில்லாத் தொழிற்பேட்டை திறக்கப்பட்டது. அன்று மூட்டை சுமந்தவன் இடத்தில் இன்று மின்னணுத் தொழிற்சாலையின் இரவுப்பணியாளர் நிற்கிறார். நள்ளிரவில் பணி மாறும் வேளையில் அப்பக்கம் போனால், சீருடை கழற்றாத ஆணும் பெண்ணும், மூவினத்தாரும், தட்டை நீட்டிப் ‘பஞ்ஜிர்’ என்று கேட்டு நிற்பதைக் காணலாம். அவர்களுக்குப் பின்னால் நீங்களும் வரிசையில் நில்லுங்கள்.