சிறுவன் கையில் இழைப்புளி

தச்சுத் தொழில் என்றவுடன் நம் உள்ளம் நாசரேத்தூரை நாடிச் செல்வது இயல்பே. ஊரார் நம் ஆண்டவரைத் தச்சர் மகன் என்றழைத்ததாக மத்தேயுவும், தச்சர் என்றே அழைத்ததாக மாற்கும் எழுதியுள்ளனர். புனித சூசையப்பரின் பட்டறையில் அவர் தொழில் பழகினார் என்பது நம் மரபு. ஆனால் தந்தையின் பட்டறை எல்லாச் சிறுவர்க்கும் கிடைப்பதில்லை. அந்நியர் பட்டறைக்குச் செல்லும் ஏழைச் சிறுவனின் கதி என்ன? இக்கேள்விக்குச் செயலால் விடை தந்தவர் புனித தொன் போஸ்கோ.

1841-ல் குருப்பட்டம் பெற்று அவர் பணி தொடங்கிய தூரின் நகரில், கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த சிறுவர் ஏராளம். சிறைகளைச் சந்திக்கச் சென்றபோது அங்கே அடைபட்டிருந்த இளைஞரைக் கண்டு அவர் மனம் நொந்தார். இவர்களுக்கு முன்னமே ஒரு நண்பன் இருந்திருந்தால் இந்நிலை வந்திராதே என்று எண்ணினார். 1846-ல் வால்டோக்கோ என்னுமிடத்தில் அவர்களுக்கு ஓர் இல்லம் அமைத்தார். வேலை பழக நகரத்துப் பட்டறைகளுக்கு அனுப்பினார்.

தச்சு வேலைக்கு ஒரு பாட முறை உண்டு. முதலில் உளியையும் இழைப்புளியையும் சாணைக்கல்லில் தீட்டக் கற்க வேண்டும். பின்பு மரத்தின் நார் ஓடும் திசையறிந்து இழைக்க வேண்டும். மூலைமட்டம் வைத்துக் கோடிட்டு, அக்கோடு பிசகாமல் அறுக்க வேண்டும். ஒரு சட்டத்தில் துளையும் மற்றதில் அதற்கேற்ற முளையும் செதுக்கி, ஆணியின்றிப் பொருத்தப் பழகிவிட்டால் அவன் தொழிலின் வாசற்படியைத் தாண்டியவன். ஆனால் சிறுவனை வீடு பெருக்கவும் சுமை தூக்கவும் ஏவுகிற முதலாளியிடம் இவற்றில் எதைக் கற்க முடியும்? ஆண்டுகள் கழியும், தொழில் வராது.

ஆகவே தொன் போஸ்கோ வாய்ச்சொல்லை நம்பியிராமல் எழுத்தில் வாங்கினார். 1852 பிப்ரவரி 8-ஆம் நாள் முத்திரைத்தாளில் எழுதிய ஓர் ஒப்பந்தம் இன்றும் உள்ளது. தச்சர் ஜுசேப்பே பெர்த்தொலினோ ஒரு தரப்பு. சிறுவன் ஜுசேப்பே ஒடாசோ மறு தரப்பு. இருவர் பெயரும் நம் மொழியில் சூசைதான்! தச்சர் தொழிலை முறையாகக் கற்பிக்க வேண்டும். தவறு செய்தால் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், அடிக்கலாகாது. தொழிலுக்குப் புறம்பான வேலை ஏவலாகாது. திருநாட்களில் ஓய்வு தர வேண்டும். உரிய கூலி கொடுக்க வேண்டும். சிறுவனும் சும்மா இருந்துவிட முடியாது. கீழ்ப்படிதலும் கவனமும் உள்ளவனாய் நடப்பதாக அவன் வாக்களித்தான். அவன் தந்தையும் பொறுப்பேற்றார். சிறுவனின் நன்னடத்தைக்குத் துணை நிற்பதாகத் தொன் போஸ்கோவும் உறுதி கூறினார்.

நகரத்துப் பட்டறைகளின் தீய பழக்கங்களும் பேச்சுகளும் சிறுவரைக் கெடுப்பதை அறிந்து, 1853 முதல் இல்லத்திற்குள்ளேயே பட்டறைகளைத் தொடங்கினார். செருப்புத் தைத்தலும் தையலும் முதலில் வந்தன. 1856-ல் தச்சுப்பட்டறை அமைந்தது. 1886-ல் கூடிய சலேசிய சபைப் பொதுப்பேரவை, தொழில் பயிலும் இளைஞர்க்குச் சமய ஒழுக்கம், அறிவு, தொழில் ஆகிய மூன்றிலும் பயிற்சி தர வேண்டுமென வகுத்தது. கைத்திறன் மட்டும் போதாது என்பதே இதன் கருத்து. 1906 சனவரி 14 அன்று சலேசியர் தஞ்சையில் கால் வைத்தபோது இந்த வழிமுறை நம் தமிழகத்திற்கும் வந்து சேர்ந்தது.

1852-ல் ஒரு குருவானவர் கேட்டு வாங்கியதை, நம் நாட்டில் 1961-ன் தொழிற்பழகுநர் சட்டம் உரிமையாக்கியுள்ளது. எழுத்து மூலமான ஒப்பந்தம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்க்குப் பாதுகாவலர் கையொப்பம், வேலை நேர வரம்பு, விடுமுறை, உதவித்தொகை ஆகியவை அதில் அடங்கும். பதினான்கு வயது நிரம்பாதவரைச் சேர்க்கலாகாது.

அன்பார்ந்த பங்கு மக்களே! பெற்றோருக்கு நாம் கூற விரும்புவது இதுவே: பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்பும்போது சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேளாதீர்கள், என்ன கற்பிப்பீர்கள் என்றும் கேளுங்கள். தொழிலறிந்த பெரியோர்களே, உங்களிடம் வரும் பையன் தேநீர் வாங்கிவரும் எடுபிடி அல்லன். அவன் கையில் உளியைக் கொடுங்கள். அதைத் தீட்டவும் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் கற்ற தொழில் உங்களோடு மறையாது வாழும்.