வேற்றெழுத்தில் வணிகச் சின்னங்கள்

1928ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று, அரபு எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்தை ஏற்கும் சட்டத்தைத் துருக்கி நாட்டின் பேரவை நிறைவேற்றிற்று. புத்தகங்களுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கம் வரை தவணை இருந்தது. கடைப்பலகை, விளம்பரம், திரைப்பட எழுத்து, செய்தித்தாள் ஆகியவற்றுக்கோ ஒரே மாதம்தான். டிசம்பர் முதல் நாளிலிருந்து அவை அனைத்தும் புதிய எழுத்தில் இருந்தாக வேண்டும். கைதேர்ந்த எழுத்துக் கலைஞரைக் கொண்டு எழுதுவித்த பலகைகளை வணிகர்கள் இறக்கிவைத்தனர். வலமிருந்து இடமாக ஓடிய பெயர்கள் இடமிருந்து வலமாக ஓடத் தொடங்கின. பெயர் பழையதே, ஒலியும் பழையதே. ஆயினும் வாடிக்கையாளர் தொலைவிலிருந்தே கண்டறிந்த முகம் மறைந்துவிட்டது.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நேயர்களுக்கு இவ்வனுபவம் முற்றிலும் புதிதன்று. தேவநாகரியோ வங்க எழுத்தோ பழகாத முதற் சில மாதங்களில், வடிவையும் வண்ணத்தையும் கொண்டே கடைகளை இனங்கண்டிருப்பீர்கள். வாய் படிக்கும் முன்னரே கண் அறிந்துகொள்கிறது. வணிகச் சின்னத்தின் வலிமை இதில்தான் இருக்கிறது. அச்சின்னத்தை வேறோர் எழுத்துக்குப் பெயர்ப்பது ஏன் இடர்ப்பாடான வேலை என்பதற்கும் இதுவே காரணம்.

உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1886இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் பெம்பர்ட்டன் என்னும் மருந்து வணிகர் ஒரு பானம் செய்தார். அதற்குக் கோக்கா-கோலா என்று பெயரிட்டு, அப்பெயரைக் கொடிபோல் வளைத்து எழுதியவர் அவருடைய கணக்கர் பிராங்க் ராபின்சன். அவர் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அக்காலத்து அமெரிக்கக் கணக்கர்கள் பேரேடுகளில் எழுதிய ஸ்பென்சர் பாணிக் கையெழுத்தையே கையாண்டார். வளையும் கூர்முனைப் பேனாவைக் கீழ்நோக்கி அழுத்தினால் கோடு தடிக்கும், மேல்நோக்கி இழுத்தால் மெலியும். அந்த ஏற்றத்தாழ்வே அச்சின்னத்தின் உயிர்.

அரபு எழுத்தோ வேறொரு பேனாவில் பிறந்தது. நாணலைச் சாய்வாகச் சீவிய எழுதுகோலில், கனம் பெரும்பாலும் படுக்கைக் கோட்டில் விழுகிறது. 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அமைச்சராக விளங்கிய இப்னு முக்லா, அந்த நாணல் பதிக்கும் சாய்சதுரப் புள்ளியையே அளவுகோலாகக் கொண்டு எழுத்துகளின் விகிதங்களை வகுத்தார். இவ்வாறு ஆயிரம் ஆண்டுகளாக அளந்து எழுதப்பட்டு வந்த எழுத்தின்மீது ஓர் அமெரிக்கக் கணக்கரின் கைவளைவை ஏற்றுவது எளிதாகுமா?

இங்கே வேடிக்கையான ஒரு சிக்கலும் உண்டு. அரபு சேர்த்தெழுதப்படும் எழுத்து என்பதை அறிவோம். ஆயினும் அலிஃப், வாவ் முதலிய சில எழுத்துகள் தமக்குப் பின்வரும் எழுத்தோடு கைகோப்பதில்லை. கோக்கா-கோலா என்னும் பெயரை அரபியில் எழுதினால், ஒவ்வொரு அசையின் இறுதியிலும் இவற்றுள் ஒன்று வந்து நிற்கிறது. ஆகவே பெயர் நான்கு துண்டுகளாக உடைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் நாடாபோல் ஓடிய சொல், சேர்த்தெழுதுவதற்கே பேர்போன எழுத்தில் துண்டுபடுகிறது! ஆனால் அவ்வெழுத்தே ஈடும் செய்கிறது. நான்கு துண்டுகளில் மூன்று, சாய்ந்த மேற்கோடுடைய காஃப் எழுத்தில் தொடங்குகின்றன. ஆங்கிலத்தில் இரு சொற்களின் முதலெழுத்தும் ஒன்றாயிருப்பது போலவே அரபியிலும் இரு சொற்களும் காஃபில் தொடங்குகின்றன. கோட்டுக்குக் கீழே இறங்கி வளையும் வாவ் எழுத்தின் வாலும் இருக்கிறது. வளைவுக்கு வேண்டிய இடத்தை அரபு எழுத்து தனக்குரிய முறையிலேயே தருகிறது. அதைக் கண்டுகொள்பவனே நல்ல கலைஞன்.

பெப்சியின் நிலை வேறு. அரபியில் வல்லொலிப் பகரம் இல்லாமையால் பே என்னும் எழுத்தை இட்டு ‘பிப்ஸி’ என மெல்லொலியால் எழுதுகின்றனர். பாரசீகர் மூன்று புள்ளியிட்டு இக்குறையைத் தீர்த்துக்கொண்டனர். நம் தமிழ் முஸ்லிம் பெருமக்களும் அரபுத் தமிழ் எழுதியபோது இவ்வாறே புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டதை இங்கு நினைவுகூரலாம். பெப்சி என்னும் பெயர் உடையவில்லை. ஐந்து எழுத்துகளும் ஒரே சங்கிலியாய் இணைகின்றன. ஆனால் முறைப்படி எழுதினால் ஆறு புள்ளிகள், ஆறும் கோட்டுக்குக் கீழே! அவற்றை எங்கே அடுக்குவது, எவ்வளவு பெரியனவாய் இடுவது என்பதே அங்கு வேலை.

இவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் குறுக்குவழி கண்டனர். ஆங்கில எழுத்துகளை வெட்டி, திருப்பி, தலைகீழாக ஒட்டி, அரபுபோலத் தோன்றும் ஒன்றை உருவாக்கினர். தூரத்தில் பார்த்தால் மூலச்சின்னத்தை ஒத்திருக்கும். படிக்கப் புகுந்த அரபியருக்கோ எலும்பு முறிந்த சொல்லாகத் தோன்றும். அயலார் தம் எழுத்தை அலங்காரப் பொருளாகக் கருதுகின்றனர் என்று அவர் மனம் வருந்தினால் அதில் தவறு காண இயலாது. 2007இல் லெபனானைச் சேர்ந்த நதீன் ஷாஹீன் என்னும் பெண்மணி, புகழ்பெற்ற ஃபுருட்டிகர் அச்செழுத்துக்கு இணையான அரபு எழுத்தை, அதனை வரைந்த அட்ரியன் ஃபுருட்டிகருடன் கலந்து ஆக்கினார். இணை எழுத்து என்பது நகலன்று என்பதற்கு அது நல்ல சான்று.

எழுத்தை அறியாமையால் பெருஞ்சேதம் விளைந்ததும் உண்டு. நைக்கி நிறுவனம் தன் காலணிகளில் ‘ஏர்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தீக்கொழுந்துபோல் வரைந்திருந்தது. அரபு படிப்போர் கண்ணுக்கு அது இறைவனின் திருநாமமாகத் தோன்றியது. காலணியில் அப்பெயரா என்று முஸ்லிம்கள் மனம் புண்பட்டனர். 1997இல் அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்து 38,000 இணைக் காலணிகளைத் திரும்பப் பெற்றது. இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 2000இல் எகிப்தில் நடந்தது. கோக்கா-கோலாவின் ஆங்கிலச் சின்னத்தைக் கண்ணாடியில் பார்த்தால் சமய நிந்தை தெரிகிறது என்று வதந்தி பரவிற்று. எகிப்தின் தலைமை முஃப்தி ஆராய்ந்து, அச்சின்னத்தில் அத்தகைய பொருள் ஏதும் இல்லை என்று தீர்ப்பளித்தார்.

சீனத்தில் இடர்ப்பாடு வடிவத்தோடு நிற்பதில்லை. அங்கே ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் உண்டு. 1928இல் பதிவான ‘கெ கொ கெ லெ’ என்னும் பெயர், ஒலியிலும் ஒத்து, ‘வாய்க்கு இனிமை, மகிழ்ச்சி’ என்னும் பொருளும் தந்தது. ஒலிபெயர்ப்பில் இத்தகைய பேறு அரிதாகவே வாய்க்கும். அதன் எழுத்து வடிவை 2003இல் ஹாங்காங் கலைஞர் ஆலன் சான் புதிதாக வரைந்தார்.

எழுத்தின் திசையும் பொருள் தருவதுண்டு. ஃபெடெக்ஸ் என்னும் அஞ்சல் நிறுவனத்துக்கு லிண்டன் லீடர் 1994இல் வரைந்த சின்னத்தில், இறுதி இரண்டு எழுத்துகளின் இடைவெளியில் வலப்புறம் நோக்கிய அம்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. அரபுச் சின்னத்திலும் அம்பு உண்டு. அது இடப்புறம் நோக்குகிறது. அங்கே முன்செல்லும் திசை அதுதான்.

நம் நாட்டில் இது சட்டப் பொருளாகவும் ஆகியுள்ளது. மகாராஷ்டிரத்தில் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி எல்லாக் கடைகளின் பெயர்ப்பலகையிலும் தேவநாகரியில் மராத்தி இடம்பெற வேண்டும். அவ்வெழுத்து பிறமொழி எழுத்தைவிடச் சிறிதாக இருத்தலாகாது. தேவநாகரி தலைக்கோட்டிலிருந்து தொங்குவது. தமிழுக்குத் தலைக்கோடே இல்லை. ‘கோ’ என்று எழுதத் தொடங்கினாலே இரட்டைக்கொம்பு முன்வந்து நிற்க, ககரம் அதன் பின்னே வருகிறது. ஆங்கிலத்தின் பெரிய முதலெழுத்துக்கு ஈடாக வளைக்கத்தக்கது அந்தக் கொம்புதான் என்பது என் கருத்து.

எல்லோரும் இலத்தீனிலிருந்தே புறப்படுகின்றனர் என்பதும் இல்லை. 1996இல் கத்தார் நாட்டில் தொடங்கிய அல் ஜசீரா தொலைக்காட்சி, தன் பெயரைத் தீச்சுடர் வடிவில் அரபுக் கையெழுத்தாகவே அமைத்துக்கொண்டது. 2006 நவம்பரில் அதன் ஆங்கில ஒளிபரப்பு தொடங்கியபோது அச்சுடரை எவரும் ஆங்கிலத்தில் மாற்றி வரையவில்லை. அரபுச் சின்னம் அப்படியே நிற்க, ஆங்கிலப் பெயர் எளிய எழுத்தில் அதன் அருகே அமர்ந்தது.